முட்டி மாற்றிய பிறகும் வலி நிற்குமா?

பால் மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் 30 வருஷம் உழைத்த முழங்கால் தேய்ந்து போவதில் வியப்பில்லை. "ஆப்பரேஷன் செஞ்சா வலி அடியோட போயிடுமா டாக்டர்?" என்றுதான் நம்மவர்கள் முதலில் கேட்கிறார்கள்.

பெரும்பாலோருக்குப் போய்விடுகிறது, அல்லது வெகுவாகக் குறைகிறது. ஆனால் 100 பேரில் சுமார் 20 பேருக்கு, புண் ஆறி மாதங்கள் கழிந்த பிறகும் வலி தொல்லை தருகிறது. புது மூட்டு சரியாகப் பொருந்தியிருக்கும். எக்ஸ்ரேயிலும் குறை தெரியாது. வலி மட்டும் போகாது.

பெரட்டுக்காக விடியுமுன் எழுந்து பழகியவருக்கு, வேலையை விட்ட பிறகும் அதே நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது அல்லவா? நெடுநாள் வலிபட்ட நரம்பும் மூளையும் அப்படித்தான். தேய்ந்த எலும்பை வெட்டி எடுக்கலாம். அந்தப் பழக்கத்தை வெட்டி எடுக்க முடியாது.

யாருக்கு வலி நீடிக்கக்கூடும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். ஓரளவுதான், ஜோசியம் அல்ல. ஆப்பரேஷனுக்கு முன்பே வலி மிகக் கடுமையாக இருந்தவர், முதுகு, கழுத்து, தோள் என்று பல இடங்களிலும் வலி உள்ளவர், தூக்கம் கெட்டவர், மனக்கவலை மிகுந்தவர் ஆகியோருக்கு அந்த வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சமாகத் தெரிந்தும் வலி பலமாக இருந்தால், மூட்டை மாற்றிக் கிடைக்கும் நிம்மதியும் குறைவாகவே இருக்கும்.

இங்கேதான் நாம் தவறு செய்கிறோம். "இடுப்பு வலியச் சொன்னா ஆப்பரேஷனத் தள்ளிப் போட்டுடுவாங்க" என்று மறைக்கும் அக்காமார்கள் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள். தெரிந்தால்தான் தூக்கத்துக்கும் கவலைக்கும் முதலில் வைத்தியம் பார்க்கவும், தொடைச் சதைக்குப் பயிற்சி கொடுக்கவும், பிறகு தரவேண்டிய வலி மருந்தைத் திட்டமிடவும் டாக்டரால் முடியும். கடையில் வாங்கும் வலி மாத்திரை, ஜாமு எல்லாவற்றையும் பொட்டலத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சில ஜாமுகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது புண் ஆறுவதைக் கெடுக்கும். அதற்காக நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது.

ஆப்பரேஷன் முடிந்த முதல் சில வாரங்கள் வலியும் வீக்கமும் இருக்கத்தான் செய்யும். அதற்குப் பயந்து காலை நீட்டி மடக்காமல் படுத்துவிட்டால் மூட்டு இறுகிப் போகும். முன்னேற்றம் ஒரு வருஷம் வரைகூட வந்துகொண்டிருக்கும். ஆனால் காய்ச்சல், சீழ், புதிதாகச் சிவப்பு, கெண்டைக்கால் வீக்கம் இவற்றில் எது கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று மாதமாகியும் வலி விடவில்லையென்றால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் முடங்காமல் மறுபடியும் டாக்டரிடம் காட்டுங்கள்.