விலைகொடுத்து வாங்கிய ஒற்றன்

இசை கேட்க விரும்பிக் காசு கொடுப்போன், தன் இல்லத்துள் ஒற்றன் ஒருவனையும் உடன் அழைத்து வருவானோ? 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்தது அதுவே.

சோனி பிஎம்ஜி என்னும் பெரும் இசைக் கம்பனி, பிரதியெடுத்தலைத் தடுக்கும் பொருட்டு ஏறத்தாழ ஐம்பது இசைத்தொகுப்புகளின் இறுவட்டுகளில் மென்பொருளொன்றைச் சேர்த்து விற்றது. விண்டோஸ் கணினியில் வட்டை இட்டதும் அது உட்புகுந்து மறைந்துகொள்ளும். எத்தொகுப்பு ஒலிக்கின்றதெனக் கம்பனிக்கு அறிவிக்கும். மறைந்திருப்பதை வாங்கியோர் அறியார். குறித்த சில எழுத்துகளுடன் பெயர் தொடங்கும் கோப்பு எதுவாயினும் கண்ணுக்குப் புலப்படாது போகும். இதுவே பெருங்கேடாயிற்று.

அவ்வாண்டு ஒக்டோபரில் மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர் தம் கணினியிலேயே இதனைக் கண்டறிந்தார். அவர் அதனை நீக்க முயன்றபோது இறுவட்டு இயக்கியே செயலிழந்தது. அடுத்த மாதம் தீயோர் சிலர், தம் நச்சுநிரல்களுக்கு அவ்வெழுத்துகளையே முன்னிட்டுப் பெயர் சூட்டி ஒளித்துவைத்தனர்.

விந்தை யாதெனில், பாடல்களை இணையத்தில் களவாடியோரை இத்தீங்கு அணுகவில்லை; முறையாகப் பணம் செலுத்தியோரே அல்லற்பட்டனர். கம்பனியின் உயரதிகாரி ஒருவரோ, இத்தகைய மென்பொருள் இன்னதென்றே பெரும்பாலோர் அறியாதபோது கவலை எதற்கு என வானொலியிற் கேட்டார். அறியாதவனிடம் கைவரிசை காட்டலாம் என்பது நல்ல வணிக நீதிதான்!

நவம்பரில் வட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. டெக்சாஸ் மாநிலம் வழக்குத் தொடுத்தது. 2007இல், மென்பொருளை நீக்க முயன்று கணினி பழுதுற்றோர்க்கு 150 டொலர் வரை ஈடு வழங்கக் கம்பனி இசைந்தது. 2008 தொடக்கத்தில், பூட்டற்ற பாடல்களை அமேசான் வாயிலாக விற்கவும் அது உடன்பட்டது. நான்கு பெருங் கம்பனிகளுள் இறுதியாக.