யாரும் துரத்தவில்லை

வளர்ந்த ஆண் குட்டிகள் பிறந்த கூட்டத்தை விட்டு ஏன் போகின்றன? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: 'பெரியது விரட்டிவிடும்.' சிங்கம் போன்ற சில விலங்குகளில் அது நடப்பதும் உண்டு. ஆனால் பாலூட்டிகளில் பல, யாரும் விரட்டாமல் தாமாகவே கிளம்பிப் போகின்றன. இதைப் பொறுமையாக ஆராய்ந்து காட்டியவர்களில் ஒருவர் கே ஹோல்கேம்ப் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அவர் போன வழியிலேயே நாமும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம்.

பறவைகள் வலசை போனால் திரும்பி வரும். நாம் பேசுவது அதைப் பற்றியல்ல. பிறந்த இடத்தை விட்டு ஒரேயடியாகப் போய், வேறிடத்தில் தங்கி, அங்கேயே இனம் பெருக்குவதைப் பற்றி. பாலூட்டிகளில் பெரும்பாலும் ஆண்தான் இப்படிப் போகும். பெண் தாயின் அருகிலேயே தங்கிவிடும். பறவைகளில் பெரும்பாலும் இது தலைகீழ்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஹோல்கேம்ப் எடுத்துக்கொண்டது பெல்டிங் தரை அணில். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் சின்ன உயிர் இது. ஆண்டில் பாதிக்கு மேல் மண்ணுக்கடியில் உறங்கியே கழிக்கும். குட்டிகளுக்கு அடையாளமிட்டு, எது எப்போது எங்கே போகிறது என்று கவனித்தார்கள். ஏழு வார வயதிலிருந்தே ஆண் குட்டிகள் கிளம்பத் தொடங்கின. அடுத்த கோடை முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா ஆண்களும் போயிருந்தன. பெண்களில் போனவை மிகச் சில.

இனி, எல்லோரும் சொல்லும் அந்தப் பதிலைச் சோதிப்போம். விரட்டுவதுதான் காரணம் என்றால், ஆண் குட்டிகள் பெண் குட்டிகளைவிட அதிகம் அடிபட வேண்டும். கிளம்பும் நாள் நெருங்க நெருங்க அந்த அடி கூட வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. சரி, பசிதான் துரத்துகிறதோ? அப்படியானால் தீனி கூடுதலாகக் கிடைத்த குட்டிகள் தங்கிவிட வேண்டும். வைத்துப் பார்த்தார்கள். நன்றாகத் தின்ற குட்டிகள்தான் முந்திக்கொண்டு கிளம்பின!

இந்த விசித்திரம்தான் அடுத்த வாசலைத் திறந்தது. சுமார் 125 கிராம் எடை வந்ததும் ஆண் குட்டி புறப்படுகிறது. வழியில் தாக்குப்பிடிக்க உடம்பில் கொழுப்பு வேண்டுமல்லவா? அந்த எடையை எட்டாதவை பிறந்த இடத்திலேயே குளிர்காலத்தை உறங்கிக் கழித்துவிட்டு, அடுத்த ஆண்டு போகின்றன. ஆக, போகிறவை தோற்று ஓடுகிறவை அல்ல, உடம்பு தேறியவை.

பெண் குட்டிக்கும் எடை ஏறுகிறதே, அது ஏன் போவதில்லை? இதற்கு விடை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனில் இருக்கிறது. பிறந்த சில நாட்களில் பெண் குட்டிகளுக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். வளர்ந்ததும் அவற்றில் பெரும்பாலானவை ஆண்களைப் போலவே கிளம்பிவிட்டன. ஆனால் கிளம்பும் பருவத்துக்குச் சற்று முன் ஆண் குட்டிகளின் விதைகளை நீக்கிப் பார்த்தபோது, அவை அப்போதும் போயின. இரவில் பாலில் விடும் உறைமோரை நினைத்துக்கொள்ளுங்கள். பால் தயிரான பிறகு அந்தத் துளியை யாரும் பிரித்தெடுக்க முடியாது. அது போல, பிறப்பை ஒட்டி மூளையில் ஹார்மோன் செய்துவிட்ட வேலையைப் பின்னால் மாற்ற முடிவதில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: 'எடையும் ஹார்மோனும் சரி, போவதால் என்ன லாபம்?' நிகோ டின்பெர்கன் என்ற விலங்கு நடத்தை அறிஞர் 1963-இல் இதைத்தான் தெளிவாக்கினார். ஒரு நடத்தையைப் பற்றி 'ஏன்' என்று கேட்டால், அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன: உடலுக்குள் அதை எது தூண்டுகிறது, வளரும்போது எப்படி உருவாகிறது, உயிர் தழைக்க எப்படி உதவுகிறது, பரிணாமத்தில் எந்த வழியில் வந்தது. ஒன்றின் விடை இன்னொன்றைப் பொய்யாக்காது. எடையும் ஹார்மோனும் முதல் இரண்டுக்கான விடைகள். லாபம் மூன்றாவது கேள்வி: ஆண் போய்விட்டால் தாயோடும் சகோதரிகளோடும் இணையும் வாய்ப்பு அற்றுப்போகிறது, நெருங்கிய உறவுக்குள் பிறக்கும் குட்டிகளுக்கு வரும் குறைகளும் தவிர்க்கப்படுகின்றன. அணிலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. பெண் தங்குவதிலும் லாபம் உண்டு. இதே அணில்களை ஆராய்ந்த பால் ஷெர்மன், உறவினர் அருகில் இருக்கும் பெண்கள் ஆபத்தைக் கண்டால் கூடுதலாக எச்சரிக்கைக் குரல் கொடுப்பதை 1977-இல் காட்டியிருந்தார்.

1988-இல் ஹோல்கேம்ப் கென்யாவின் மசாய் மாராவுக்குப் போய்ப் புள்ளிக் கழுதைப்புலிகளை ஆராயத் தொடங்கினார். பிறகு பல பத்தாண்டுகள் அதுவே அவர் வேலையானது. 'விரட்டுவதால் போகிறது' என்ற எண்ணத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு கிடைக்காது. இங்கே ஆட்சி பெண்களிடம். மகன் தாயின் அந்தஸ்தைப் பெறுவதால், வெளியிலிருந்து வந்து சேர்ந்த பெரிய ஆண்கள்கூட அவனுக்கு வழிவிடும். ஆனாலும் தலைவியின் மகன்களில்கூடப் பெரும்பாலானவை பருவம் வந்த பின் கிளம்பி வேறு கூட்டத்துக்குப் போகின்றன. அங்கே வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

எதற்காக? தான்சானியாவின் ங்கோரோங்கோரோவில் ஆலிவர் ஹோனரும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் ஒரு விடை தந்தார்கள். இளம் பெண் கழுதைப்புலிகள், தாம் பிறந்த பிறகு கூட்டத்தில் பிறந்த அல்லது வந்து சேர்ந்த ஆண்களையே விரும்புகின்றன. இதனால் தகப்பனும் அண்ணனும் அந்தத் தேர்விலிருந்து தாமாகவே விலகிப்போகிறார்கள். அதனால் இளம் பெண்கள் அதிகமுள்ள கூட்டம்தான் ஆணுக்கு நல்ல இடம். சொந்தக் கூட்டமே அப்படி அமைந்துவிட்டால் சில ஆண்கள் அங்கேயே தங்குவதும் உண்டு.

காடு காப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு காட்டுத் துண்டை எவ்வளவு செழிப்பாக வைத்திருந்தாலும், அங்கே பிறந்த ஆண்கள் எல்லாம் தங்கிவிடாது. அணில் கணக்குப்படி, செழிப்பு அவற்றைச் சீக்கிரமே அனுப்பிவைக்கவும் கூடும். அதனால் காட்டோடு சேர்த்து, பக்கத்துக் காட்டுக்குப் போகும் வழியையும் காக்க வேண்டியிருக்கிறது.