‘வயசாயிடுச்சி’ என்பது நோயின் பெயரல்ல

எங்கள் காலனியில் முதியவர் ஒருவர் இறந்துவிட்டால், துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒரே பதில்தான் கிடைக்கும். “சளி பிடிச்சிருந்தது. வயசாயிடுச்சி, போயிட்டாரு.” பால் தெளித்து முடிந்ததும் அந்தப் பேச்சும் முடிந்துவிடும்.

என் பெரியம்மா இறந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். இளமையில் செங்கல் சூளையில் கல் அறுத்தவர். பிறகு காலமெல்லாம் விறகடுப்புப் புகையில் சமைத்தவர். சில வருடமாகச் சர்க்கரை நோயும் இருந்தது. ஐப்பசி மழையில் இருமல் பிடித்தது. “ஆஸ்பத்திரிக்குப் போலாம் பெரிம்மா” என்றேன். “சளிதாம்பா, தூதுவளை ரசம் வச்சிக் குடிச்சா எறங்கிடும்” என்றார். காய்ச்சல் பெரிதாக இல்லாததால் நானும் விட்டுவிட்டேன். நான்காம் நாள் சோறு இறங்கவில்லை. என்னைப் பார்த்து என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூச்சு வேகமாக வாங்கியது.

மருத்துவமனையில் நிமோனியா என்றார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர், “இதுக்குத் தடுப்பூசி ஏதாவது போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். முதுகலை படித்து, ஊர் ஊராகக் கூட்டம் பேசுகிற எனக்கே, பெரியவர்களுக்கு அப்படி ஓர் ஊசி இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஆறாம் நாள் பெரியம்மா போய்விட்டார்.

நிமோனியா நுரையீரலைத் தாக்கும் நோய். அதைப் பல கிருமிகள் உண்டாக்கும். அவற்றில் முக்கியமானது நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. அது ரத்தத்தில் கலந்தாலும், மூளையை மூடியிருக்கும் உறையைத் தாக்கினாலும் உயிருக்கே ஆபத்து. முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய் உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள், புகை பிடிப்பவர்கள் ஆகியோரை இது எளிதில் வீழ்த்தும். வயதானவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமலேகூட நிமோனியா வரலாம். சாப்பிட மறுப்பது, பேச்சு தடுமாறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் போவது, மூச்சு வேகமாவது ஆகியவையே அறிகுறிகளாக இருக்கலாம். வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். நான் தாமதித்தேன்.

தடுப்பூசி எல்லா நிமோனியாவையும் தடுத்துவிடாது. ஆனால் நிமோகாக்கஸால் வரும் கடுமையான பாதிப்பைக் குறைக்கும். கொரோனாவுக்குப் போட்ட ஊசி வேறு, இது வேறு. எந்த வகை, எத்தனை தவணை என்பதை வயதையும் நோயையும் பார்த்து மருத்துவர் சொல்வார்.

நம் நாட்டில் குழந்தைகளுக்கு இந்த ஊசி இலவசம். 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதும் வந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. பேரப்பிள்ளைக்குத் தவறாமல் போட்டால், கிருமி பரவுவது குறைந்து வீட்டிலுள்ள பாட்டிக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் பாட்டிக்கென்று தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி இல்லை. தனியாரிடம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். முதியோர் உதவித்தொகையோ மாதம் 1,200 ரூபாய். அந்தக் காசில் அரிசி வாங்குவதா, ஊசி போடுவதா?

2017-18-ல் இந்திய முதியோர் பற்றி நாடு தழுவிய பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அதில் 45 வயது கடந்தவர்களில் நிமோனியா தடுப்பூசி போட்டிருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. நாடு முழுவதற்குமே கணக்கு இதுதான் என்றால், காலனிகளின் நிலையைச் சொல்லவே வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் தலித். சூளை, கல்குவாரி, சாக்கடை, குப்பை மேடு என்று தூசியும் புகையும் நிறைந்த வேலைகளில் அதிகம் நிற்பவர்களும் அவர்களே. நுரையீரல் முதலில் தேய்வது யாருக்கோ, அவர்களுக்குத்தான் ஊசி கடைசியாக வருகிறது.

இந்த ஊசியின் வரலாற்றைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு வருடங்களுக்கு முன் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் கருப்பினத் தொழிலாளர்கள் நெரிசலான கொட்டடிகளில் அடைக்கப்பட்டிருந்தார்கள். நிமோனியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். வேலைக்கு ஆள் குறைந்ததும் முதலாளிகள் ஆல்ம்ரோத் ரைட் என்ற பிரிட்டிஷ் மருத்துவரை அழைத்தனர். 1911-ல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் உடம்பில் ஊசி பரிசோதிக்கப்பட்டது. 1970-களில் ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற அமெரிக்க மருத்துவர் ஊசியை மேம்படுத்தியபோதும் அதே சுரங்கத் தொழிலாளர்களிடம்தான் சோதனை நடந்தது. அதை வைத்து 1977-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இன்று அங்கே முதியவர்களில் பெரும்பகுதியினர் இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள். அங்கும் கருப்பின முதியவர்களிடம் விகிதம் குறைவுதான். சோதனைக்கு முதலில் கை நீட்டியவர்கள், பலன் கிடைக்கும்போது வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள்.

“நம்ம ஜனங்க ஊசின்னாலே ஓடுவாங்க, என்ன செய்ய?” என்று சில அதிகாரிகள் சொல்வதுண்டு. 2021-ல் கொரோனா ஊசி வந்தபோது எங்கள் தெருவிலும் பயம் இருந்தது உண்மை. முதல் முகாம் ஊர்த்தெருவில் நடந்தது. எங்கள் கிழவிகள் போகவில்லை. “அங்க போய் எங்க உக்காருவோம், எவன் என்ன சொல்லுவானோ” என்ற கூச்சம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு நர்ஸ் அக்கா ஒருவர் எங்கள் தெரு வேப்பமரத்தடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையைத் தொட்டு, பெயர் சொல்லி அழைத்து ஊசி போட்டார். இரண்டு நாளில் ஏறக்குறைய எல்லா முதியவர்களும் போட்டுக்கொண்டார்கள். முகாம் எந்தத் தெருவில் நடக்கிறது, மருந்து கொடுப்பவர் கையைத் தொடுகிறாரா என்பதெல்லாம் சின்ன விஷயங்கள் அல்ல. குஜராத், ராஜஸ்தானில் தலித் குழந்தைகள் மருத்துவ சேவையில் சந்திக்கும் பாகுபாட்டை ஆராய்ந்த சங்கமித்ரா ஆச்சார்யா இதைத்தான் பதிவு செய்திருக்கிறார்.

வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்று வீடுவீடாகச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைக் கொண்டுவந்து தருகிறது. பெரியம்மாவுக்கும் அப்படித்தான் மாத்திரை வந்தது. யாருக்கு ஆபத்து அதிகம் என்ற பட்டியல் அந்தத் தன்னார்வலர்களின் கையிலேயே இருக்கிறது. அதில் உள்ள முதியவர்களுக்கு நிமோனியா தடுப்பூசியை அரசு இலவசமாகத் தர வேண்டும். ஒவ்வொரு காலனியிலும் முகாம் நடக்க வேண்டும். பணமில்லை என்று சொல்ல முடியாது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான நிதி அவர்களுக்கே செலவாக வேண்டும் என்று 2024-ல் தமிழ்நாட்டில் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது.

கேட்காமல் எதுவும் வராது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நாட்களில் கிராம சபை கூடுகிறது. ‘எங்கள் காலனி முதியவர்களுக்கு நிமோனியா தடுப்பூசி இலவசமாக வேண்டும்’ என்று தீர்மானம் எழுதி, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நகலை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுங்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து உங்கள் தெருவில் நடங்கள். அறுபது கடந்தவர்கள் எத்தனை பேர், சர்க்கரை யாருக்கு, இளைப்பு யாருக்கு, சூளையில் வேலை செய்தவர் யார் என்று எழுதுங்கள். கடந்த மழைக்காலத்தில் ‘சளியில்’ போனவர்களையும் எழுதுங்கள். எங்கள் தெருவில் நான் அந்தக் கணக்கை எடுக்கத் தொடங்கிவிட்டேன். முதல் வரியில் பெரியம்மாவின் பெயர் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் ‘வயது’ என்று எழுதவில்லை. நிமோனியா என்று எழுதியிருக்கிறேன்.