காஞ்சிபுரத்தில் தெருச் சாப்பாடு: நல்ல கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்களும் சாமி கும்பிட வருகிறவர்களும் தவறாமல் கேட்கும் கேள்வி, "இங்கே எங்கே நல்லா சாப்பிடலாம்?" என்பது. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு பெரிய ஓட்டலின் பெயர்தான் பதிலாகக் கிடைக்கும். அங்கே வயிறு நிறையும். ஆனால் இந்த ஊர்க்காரர்களின் நாக்குக்குப் பழகிய சாப்பாடு தள்ளுவண்டியிலும், வீட்டு வாசலில் போட்ட இட்லிக் கடையிலும், கோயில் பிரசாதக் கடையிலும்தான் இருக்கிறது.

இதற்குக் கடைப் பெயர்ப் பட்டியல் உதவாது. தள்ளுவண்டி இன்று ஒரு முனையில் நிற்கும், அடுத்த மாதம் வேறு முனைக்குப் போய்விடும். பல கடைகளுக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. தெருச் சாப்பாட்டில் ருசி, பாதுகாப்பு இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: அடுப்பிலிருந்து இறங்கிய பண்டம் எவ்வளவு சீக்கிரம் இலைக்கு வருகிறது என்பது. சமைத்தது சமைத்தபடி விற்றுத் தீரும் கடையே நல்ல கடை. அப்படி விற்றுத் தீர வேண்டுமானால் வாடிக்கைக் கூட்டம் வேண்டும். ஆகவே இந்த ஊரில் கூட்டம் எப்போது, எங்கே சேர்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த நேரத்தில் எந்தத் தெரு

காஞ்சிபுரத்தின் நாள் விடியுமுன்னே தொடங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் நேரம் அது. பஸ் நிற்கும் முனைகளில் இட்லி, பொங்கல், பூரி வண்டிகளுக்கு அப்போதுதான் மும்முரம். ஈடு ஈடாக இட்லி இறங்கும். இறங்கிய வேகத்தில் தீரும். ஒன்பது மணிக்கு மேல் அதே வண்டிக்குப் போனால் மிச்சம்தான் கிடைக்கும்.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளின் கணக்கு வேறு. அங்கே தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழித்தறியில் உட்கார்ந்தவர் டீக்கும் பலகாரத்துக்கும் தெருமுனைக்குத்தான் வருவார். அதனால் அந்தத் தெருக்களில் காலையிலும் மாலையிலும் சிறு கடைகள் நம்பி வாங்கும் அளவுக்கு ஓடும். தினமும் அதே முகங்களுக்கு விற்கிறவருக்கு ஒரு நாள் சாம்பார் கெட்டாலும் மறுநாள் தெருவே கேள்வி கேட்கும். வெளியூர்க்காரரை ஒருமுறை பார்த்து அனுப்பும் கடைக்கு அந்த பயம் குறைவு.

கோயில்களைச் சுற்றியுள்ள கடைகளுக்குக் கோயில் நேரமே நேரம். பெரும்பாலான கோயில்களில் நண்பகலுக்கு மேல் நடை சாத்திவிட்டு மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். இடைப்பட்ட வேளையில் சன்னிதித் தெருக்களில் விற்பனை மந்தம். காலையில் போட்ட வடை அப்போதும் தட்டில் இருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலையில் காமாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய ராஜ வீதிகளிலும், உற்சவ நாட்களில் வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கும் சின்ன காஞ்சிபுரத்திலும் பார்த்தால் நிலைமை நேர்மாறு. வைகாசிப் பிரம்மோற்சவத்துக் கருடசேவை அன்று அடுப்பு அணையவே அணையாது.

பட்டுக் கடைகள் நிறைந்த காந்தி ரோட்டில் முகூர்த்த மாதங்களையொட்டிக் கூட்டம் அதிகம். சென்னை இங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர். காலையில் கிளம்பி வந்து, புடவை எடுத்து, இருட்டுமுன் திரும்பிவிடுகிறவர்களே அதிகம். அவர்களுக்காகவே நடக்கும் கடைகளும் உண்டு. உள்ளூர்க்காரர் வாங்குகிறாரா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு அங்கே வாங்குங்கள்.

மாதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புரட்டாசியில் பல வீடுகளில் கறி, மீன் கிடையாது. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் அசைவம் தொடமாட்டார்கள். அந்த மாதங்களில் அசைவ வண்டியில் விற்பனை விழும். மாலையில் வாங்கிய கோழி மறுநாள் வரை கிடக்க வாய்ப்பு உண்டு. அப்போது சைவ வண்டிக்குப் போவது நல்லது.

தேடிப் போய்ச் சாப்பிட வேண்டியவை

முதலில் கோயில் இட்லி. ஊர்ப் பெயரோடு உலகம் முழுக்க அறியப்பட்ட காஞ்சிபுரம் இட்லி, சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியின் நைவேத்தியம். பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்க வைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய், நல்லெண்ணெய் சேர்கின்றன. நீளமான மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றிப் பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேக வைக்கிறார்கள். வெந்தபின் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். மாவு கெட்டி, குடலையும் ஆழம் என்பதால்தான் அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் மந்தாரை இலையின் வாசம் மாவில் இறங்குகிறது. சுக்கும் மிளகும் செரிமானத்துக்கு உதவும் என்பது நம் சமையலறைகளின் நெடுநாள் நம்பிக்கை. நெய்யும் எண்ணெயும் இருப்பதால் இட்லி காய்ந்து போகாமல் இருக்கும்.

ஊரில் பல ஓட்டல்கள் காஞ்சிபுரம் இட்லி என்ற பெயரில் டம்ளரிலோ கிண்ணத்திலோ வேக வைத்துத் தருகின்றன. மிளகு, சீரகம் இருக்கும். குடலையும் மந்தாரை இலையும் இருக்காது. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் காலை வேளையில் வரதராஜர் கோயிலுக்குப் போய்ப் பிரசாதக் கடையில் கேளுங்கள். பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். சட்னியை எதிர்பார்க்காதீர்கள், முதல் வாயைத் தனியாகச் சாப்பிடுங்கள்.

இரண்டாவது கூழ். தொண்டை மண்டலத்தின் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரியாது. கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யரிசியோடு சேர்த்துக் கிளறி, மறுநாள் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைக்கிறார்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு, கருவாட்டுத் தொக்கு. புளிப்பு ஏறியது என்பதால் கூழ் எளிதில் கெடாது. கவனிக்க வேண்டியது அதைக் கரைக்கும் தண்ணீரைத்தான். கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று கேட்பதில் தவறில்லை. நல்ல வியாபாரி கோபப்படமாட்டார். ஆடியில் அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழைக் குடிக்க நேர்ந்தால் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது மாலைப் பலகாரம்: மசால் வடை, பஜ்ஜி, போண்டா, சுண்டல். இதில் எல்லாமே எண்ணெயைப் பொறுத்தது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கறுக்கும், கெட்டியாகும், நுரை கட்டும், காய்ந்த உடனே புகையும். சமையல் எண்ணெயில் சிதைந்த பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நம் கையில் கருவி இல்லை. கண்ணும் மூக்கும் போதும். சட்டியின் அடி தெரியாத அளவுக்கு எண்ணெய் கறுத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

நான்காவது பரோட்டாவும் சால்னாவும். கல்லிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் அடித்து, இலையில் விழும் பரோட்டாவுக்காகக் காத்திருக்கலாம். அடுக்கி வைத்து ஆறியதை வாங்க வேண்டாம். தமிழர்கள் கடல் கடந்தபோது இந்தப் பண்டமும் கூடவே போயிற்று. சிங்கப்பூரின் பிராட்டா, மலேசியாவின் ரொட்டி சனாய், இலங்கையின் கொத்து ரொட்டி எல்லாம் நம் பரோட்டாவுக்குச் சொந்தம்தான். 

பாஸ்ட் புட் வண்டியில் எதைப் பார்க்க வேண்டும்

அந்தி சாய்ந்தால் பிரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன் வண்டிகள் விளக்கேற்றிவிடும். இளைஞர்களின் கூட்டம் இங்கேதான். சீனச் சமையல் என்று சொன்னாலும் இது இந்தியாவில் பிறந்த ருசி. 1975-இல் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் மஞ்சூரியனை உருவாக்கினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நம் வண்டிகளில் அதற்குப் பச்சை மிளகாயும் இஞ்சி பூண்டும் கூடுதலாகச் சேர்ந்து தமிழ்க் காரம் ஏறிவிட்டது. நல்ல கை அமைந்தால் அருமையான சாப்பாடு. மூன்றைக் கவனித்து வாங்க வேண்டும்.

ஒன்று, சோறு. வேக வைத்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாகாமல் தங்கும். சோறு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூட்டில் வறுத்தாலும் அந்த நச்சு அழியாது. எனவே மாலையில் வடித்து அன்று இரவே தீரும் வண்டியில் வாங்குங்கள். முன்னிரவில் போவது நல்லது. கடை கட்டும் நேரத்தில் பிரைடு ரைஸ் கேட்காதீர்கள்.

இரண்டு, நிறம். கண்ணைப் பறிக்கும் சிவப்பு மசாலாவில் வந்ததாக இருக்காது. மிளகாய்த்தூள் தரும் நிறம் செங்கல் நிறத்தைத் தாண்டாது. துணிக்கு ஏற்றும் ரோடமின் பி சாயம் பஞ்சு மிட்டாயில் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டதால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்தது. சாயத்தின் தன்மை அறிந்த ஊர் காஞ்சிபுரம். பட்டில் ஏற வேண்டியது பட்டில் ஏறட்டும், வயிற்றுக்கு வேண்டாம்.

மூன்று, மயோனைஸ். பச்சை முட்டையில் செய்த மயோனைஸில் சால்மோனெல்லா வளரும் என்பதால் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அதை ஓராண்டுக்குத் தடை செய்தது. முட்டை சேர்க்காத வகையா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அது இல்லாமலே சாப்பிடலாம்.

ஒரு நிமிடப் பரிசோதனை

எந்த வண்டியாக இருந்தாலும் வாங்குமுன் ஒரு நிமிடம் ஓரமாக நின்று இவற்றைப் பாருங்கள்.

சாம்பாரும் குழம்பும் அடுப்பில் கொதிநிலையில் இருக்கின்றனவா? 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும் பண்டத்தில் கிருமி பெருகாது.

தேங்காய்ச் சட்னி எப்போது அரைத்தது? அக்னி நட்சத்திர வெயிலில் முதலில் கெடுவது அதுதான். சந்தேகம் வந்தால் சாம்பாரோ பொடியோ போதும்.

பணம் வாங்கும் கையும் பரிமாறும் கையும் வேறா? இருவர் சேர்ந்து நடத்தும் கடையில் இது தானாகவே நடக்கும். ஒருவரே இருந்தால் கரண்டியோ இடுக்கியோ பயன்படுத்துகிறாரா என்று பாருங்கள்.

தட்டு எப்படிக் கழுவப்படுகிறது? ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் இலையில் வாங்குங்கள். வாழை இலையும் தையல் இலையும் தட்டைவிட நம்பகமானவை.

வடையை எதில் மடிக்கிறார்கள்? அச்சு மையில் உடலுக்கு ஆகாத இரசாயனங்கள் இருப்பதால் செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. கையில் ஒரு டப்பா கொண்டுபோனால் இந்தச் சிக்கலே வராது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் மாநிலத்தில் தடை உண்டு. சூடான சால்னாவைக் கவரில் கட்டிக் கேட்காதீர்கள்.

இவற்றோடு ஒரு சிறு நல்ல அறிகுறி: "இன்னும் பத்து நிமிஷம் ஆகும், இருங்க" என்று சொல்லும் கடை. இருப்பதைத் தள்ளிவிட நினைக்காமல் அடுத்த ஈட்டுக்குக் காக்கச் சொல்கிறவரை நம்பலாம்.

வியாபாரிக்கு என்ன கிடைக்க வேண்டும்

சுத்தத்தை எதிர்பார்க்கிற நாம் அந்தச் சுத்தத்துக்கு என்ன தேவை என்றும் யோசிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் இல்லாத, கழிவுநீர் போக வழியில்லாத, எப்போது விரட்டுவார்கள் என்று தெரியாத இடத்தில் நின்று சமைக்கிறவரிடம் எல்லாப் பொறுப்பையும் போடுவது நியாயமில்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு விற்பனைச் சான்றிதழும் விற்பனை இடமும் தரச் சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் அது சொல்கிறது. சிறு உணவுக் கடைகள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளவும் வழி இருக்கிறது.

வியாபாரிகளுக்கு இடமும் வசதியும் செய்து காட்டிய ஊர் சிங்கப்பூர். தெருவோரக் கடைகளை 1971 தொடங்கி குழாயும் வடிகாலும் உள்ள உணவங்காடி மையங்களுக்கு மாற்றியது. ருசி போகவில்லை, 2020-இல் அந்த உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.  2021-இல் மாநகராட்சியான காஞ்சிபுரத்துக்கு, நாள்தோறும் இத்தனை யாத்திரிகர்களும் புடவை வாங்க வருகிறவர்களும் வந்துபோகும் ஊருக்கு, சில முனைகளிலாவது குழாயும் விளக்கும் வடிகாலும் போட்டுத் தருவது எட்டாத காரியமில்லை.

அதுவரை நம்மால் ஆனதைச் செய்யலாம். சரியான நேரத்தில் போங்கள். ஒரு நிமிடம் நின்று பாருங்கள். டப்பா கொண்டுபோங்கள். சில்லறையாகக் கொடுங்கள். நன்றாக இருந்தால் அந்த அம்மாவிடமோ அண்ணனிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். குறை இருந்தாலும் அவர்களிடமே சொல்லுங்கள். அடுத்த முறை காஞ்சிபுரம் வரும்போது பட்டுக்கு ஒதுக்கும் பொறுமையில் கொஞ்சத்தைச் சாப்பாட்டுக்கும் ஒதுக்குங்கள். ஊர் உங்களை ஏமாற்றாது.