ஒரு சரக்கு ரயிலுக்கு எத்தனை முதலாளிகள்?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருந்து சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பும் கன்டெய்னர் ரயில் பார்வைக்கு ஒரே வண்டி. சொத்துக் கணக்கில் அப்படி இல்லை. தண்டவாளமும் இன்ஜினும் ரயில்வேயுடையவை. பெட்டியைச் சுமக்கும் தட்டை வேகன்கள் அரசின் கன்டெய்னர் போக்குவரத்து நிறுவனமான கான்காரின் சொத்தாக இருக்கலாம். மேலே அமர்ந்திருக்கும் இரும்புப் பெட்டி பெரும்பாலும் ஏதோ ஒரு கப்பல் கம்பெனியுடையது. உள்ளே இருக்கும் சரக்குக்கு உரியவர் வேறொருவர்.

வேகன் யாருடையது என்பதை அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதினோரு இலக்க எண்ணே சொல்லிவிடும். முதல் இரண்டு இலக்கங்கள் வேகனின் வகை. அடுத்த இரண்டு உரிமையாளர்: 06 என்றால் தெற்கு ரயில்வே, 25 என்றால் கான்கார். அதற்கடுத்த இரண்டு தயாரான ஆண்டு. பின்வரும் நான்கு அந்த வேகனின் தனி எண். கடைசியில் நிற்கும் ஒற்றை இலக்கம், முந்தைய பத்தையும் யாராவது தப்பாகக் குறித்துக்கொண்டால் காட்டிக்கொடுப்பதற்காக.

இந்த உரிமைக் கதையில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. துறைமுகத்துக்குப் போகாமலேயே சுங்கச் சோதனையை முடித்துக்கொள்ள உதவும் உள்நாட்டுக் கன்டெய்னர் முனையம், இந்தியாவில் முதன்முதலாக 1981இல் இங்கேதான் வந்தது. அப்போது அதை நடத்தியது ரயில்வே. 1988இல் கான்கார் பதிவானது. மறுஆண்டு ரயில்வேயிடமிருந்து ஏழு முனையங்களை ஏற்றுத் தொழிலைத் தொடங்கியது. 2006இல் தனியாரும் சொந்த வேகன்களில் கன்டெய்னர் ரயில் ஓட்டலாம் என்று கதவு திறந்தது. வேகனை அவர்கள் வாங்குவார்கள். ரயில்வே இன்ஜின் பூட்டி இழுத்துப் போய், அதற்குரிய கட்டணத்தை வாங்கிக்கொள்ளும்.

ரயில்வேயின் பெயர் தாங்கிய இன்ஜின்களிலும் வேகன்களிலும்கூடப் பல, சட்டப்படி ரயில்வேயுடையவை அல்ல. 1986இல் தொடங்கப்பட்ட இந்திய ரயில்வே நிதிக் கழகம் சந்தையில் கடன் திரட்டி, இன்ஜின், பயணிகள் பெட்டி, வேகன் எல்லாம் வாங்கி, ரயில்வேக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிறது. குத்தகை முடியும்வரை உரிமை கழகத்திடமே இருக்கும்.

சிமென்ட், எஃகு, நிலக்கரிக் கம்பெனிகள் எதற்காகச் சொந்தமாக வேகன் வாங்க வேண்டும்? சரக்கு குவியும் பருவத்தில் வேகன் கேட்டு ரயில்வேயிடம் இண்டென்ட் போட்டாலும் ரேக், அதாவது ஒரு ரயிலுக்கான வேகன் தொகுதி, உடனே கிடைக்காது என்பதுதான் காரணம். இதற்காகவே 1992இல் ‘உங்கள் வேகனை நீங்களே வாங்குங்கள்’ என்ற திட்டம் வந்தது. 2018இல் பொதுப் பயன்பாட்டு வேகன்களுக்கும் முதலீட்டுத் திட்டம் வந்தது. வாங்குகிறவருக்குச் சரக்குக் கட்டணத்தில் தள்ளுபடியும் உண்டு.

வாங்குவது எளிது, ஓடாத நாளில் நிறுத்துவதுதான் கஷ்டம்.

தவணை கட்டும் லாரியை லோடு இல்லாமல் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கும் நாமக்கல் லாரி முதலாளிக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். வேகன் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: அதைத் தண்டவாளத்தில் மட்டுமே நிறுத்த முடியும். நாற்பத்தைந்து கன்டெய்னர் வேகன்கள் கொண்ட ஒரு ரேக்கின் நீளம் 600 மீட்டரைத் தாண்டும். அதை ஒரு நிலையத்தின் லூப் லைனில் நிறுத்தினால், அங்கே வேறு ரயில்கள் ஒதுங்கவோ முந்தவோ இடமில்லை. பெங்களூரு மாதிரி நெரிசலான ஊரில் புதிதாக ஒரு லைன் போட நிலம் தேடுவதும் லேசில்லை.

அமெரிக்காவில் சரக்கு வேகன்களில் பெரும்பகுதி ரயில் கம்பெனிகள் அல்லாத தனியாருடையது. சொந்தக்காரரின் குறியெழுத்து ‘எக்ஸ்’ என்று முடிந்தால் அது ரயில் கம்பெனியுடையதல்ல என்று பொருள். 2009 பொருளாதார மந்தத்தில் அங்கே லட்சக்கணக்கான வேகன்கள் வேலையின்றி நின்றன. அதிகப் போக்குவரத்தில்லாத சிறு ரயில் கம்பெனிகள் தங்கள் பக்கவாட்டு லைன்களை வாடகைக்கு விட்டு, நிற்கும் வேகன்களாலேயே காசு பார்க்கின்றன.

இந்தியாவில் நிலைமை வேறு. ரயில்வேயின் பொது வேகன், ஓரிடத்தில் காலியானதும் அடுத்த இண்டென்டுக்குப் போய்விடும். சரக்கை இறக்கத் தாமதித்து வேகனைப் பிடித்து வைத்திருப்பவர் மணிக்கணக்கில் டெமரேஜ் கட்ட வேண்டும். இறக்கிய சரக்கை எடுக்காமல் விட்டால் வார்ஃபேஜ். தனியார் ரேக் ரயில்வே லைனில் சும்மா நின்றால், அதற்கு ஸ்டேபிளிங் கட்டணம் உண்டு. சொந்தமாகப் பக்கவாட்டு லைன் (சைடிங்) வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு.

எந்த வகை வேகன் என்பதும் முக்கியம். மூடிய வேகனில் இன்று அரிசி ஏற்றலாம், நாளை சிமென்ட் ஏற்றலாம். டேங்க் வேகன் எரிபொருளை இறக்கிவிட்டுக் காலியாகத்தான் திரும்பும். மங்களூரிலிருந்து ஹாசன் வழியாகப் பெங்களூரை ஒட்டிய தேவனகொந்திக்குப் பெட்ரோலியக் குழாய் வந்தது போல வேறொரு பாதை திறந்தால், டேங்க் வேகனை வேறு சரக்குக்குத் திருப்ப வழியில்லை.

நின்றாலும் பராமரிப்புத் தவணை தப்பாது. பிரேக், பேரிங், சக்கரம் எல்லாவற்றையும் குறித்த காலத்துக்குள் சோதித்தாக வேண்டும். முழுப் பழுதுபார்ப்புக்குரிய தேதி வேகன் உடம்பிலேயே எழுதியிருக்கும். தேய்ந்து கழிக்கப்பட்ட சக்கரங்களுக்கும் பெங்களூரில் ஒரு வேலை இருக்கிறது. 1984 முதல் இயங்கும் எலஹங்கா ரயில் சக்கரத் தொழிற்சாலை, பழைய சக்கரங்கள் உள்ளிட்ட ரயில்வே இரும்புக் கழிவை மின்வில் உலையில் உருக்கி, கிராஃபைட் அச்சுகளில் புதிய சக்கரங்களாக வார்க்கிறது.