அனுப்பிய அஞ்சல் எங்கே போயிற்று?



நம் மலாக்கா மாநிலத்தில் ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களிலும், அவற்றை அடுத்த சிறு பட்டணங்களிலும் வீட்டிலிருந்தபடியே தொழில் செய்வோர் பலர் இருக்கின்றனர். முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்பவர்கள், மாலை கட்டுபவர்கள், விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள், துணி தைப்பவர்கள், வேன் ஓட்டுபவர்கள் என்று அவர்கள் பல வகையினர். அக்கம்பக்கத்தாரிடம் வியாபாரம் செய்ய வாட்சப் போதும். ஆனால் ஆயர் குரோவில் உள்ள ஒரு தங்கும் விடுதியோ, பத்து பிரண்டாமில் உள்ள ஒரு தொழிற்சாலையோ பெரிய அளவில் பொருள் வாங்க நினைத்தால், “விலைக் குறிப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள்” என்றுதான் கேட்கும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் வேலை செய்யும் இருநூறு பேருக்குத் தீபாவளிப் பலகாரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா கணக்குப் போடுகிறார். படித்த மகள் அதைத் தட்டச்சு செய்து அனுப்புகிறாள். ஒரு வாரமாகியும் பதில் வரவில்லை. “நம் விலை அதிகமோ” என்று வீட்டில் மனம் சோர்கிறார்கள். தொழிற்சாலை அதிகாரியோ, “கேட்டும் பதில் போடவில்லையே” என்று வேறு ஆளைப் பிடித்துவிடுகிறார். உண்மையில் அஞ்சல் போய்ச் சேர்ந்துதான் இருந்தது. ஆனால் அது ‘ஸ்பாம்’ என்னும் குப்பை அஞ்சல் பெட்டியில் கிடந்தது. ஜிமெயிலில் அந்தப் பெட்டிக்குள் போன அஞ்சல் 30 நாள் கழிந்ததும் தானாகவே அழிந்துவிடும். இரு தரப்பிலும் தவறு இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் தீபாவளி வருமானம் போய்விட்டது.

இப்படி நேராமல் காத்துக்கொள்வது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், இந்தக் குப்பைப் பெட்டி ஏன் வந்தது? 1978-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனை அதிகாரி, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்குத் தம் கணினியைப் பற்றி ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். கேட்காமல் வந்த மொத்த விளம்பர அஞ்சல்களில் அதையே முதலாவது என்று சொல்வார்கள். ‘ஸ்பாம்’ என்பது 1937-இல் விற்பனைக்கு வந்த ஒரு டின் இறைச்சியின் பெயர். 1970-இல் ஒளிபரப்பான ஓர் ஆங்கில நகைச்சுவைக் காட்சியில், உணவகத்தில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியே கூடச் சேர்ந்து வரும். அந்தப் பெயரையே எல்லாரும் காது புளிக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வேண்டாம் என்றாலும் வந்து விழும் அஞ்சலுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இன்று இத்தகைய அஞ்சல்களில் வெறும் விளம்பரம் மட்டும் வருவதில்லை. வங்கியின் பெயரைச் சொல்லிக் கடவுச்சொல்லைப் பறிக்கும் மோசடிகளும் வருகின்றன. ஆகவே ஜிமெயில், யாகூ போன்ற அஞ்சல் நிறுவனங்கள், வரும் ஒவ்வோர் அஞ்சலையும் கணினியைக் கொண்டு சோதித்துத்தான் உள்ளே விடுகின்றன. அந்தச் சோதனையை மூன்று கேள்விகளாக நாம் புரிந்துகொள்ளலாம். அனுப்பியவர் உண்மையில் அவர்தானா? அவர் அனுப்புவதைப் பெறுபவர்கள் விரும்புகிறார்களா? அஞ்சலின் தோற்றம் மோசடி அஞ்சலின் தோற்றம்போல் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வைத்திருப்பவரின் அஞ்சல் பெரும்பாலும் நேரே ‘இன்பாக்ஸ்’ என்னும் வரவுப் பெட்டிக்குப் போய்ச் சேரும்.

முதல் கேள்வியை நமக்குப் பழகிய ஒன்றைக் கொண்டு விளக்கலாம். தோட்டத்திலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு லாரி ஆலைக்குப் போகிறது. ஆலை வாசலில் இருக்கும் ஜாகா, யார் வந்தாலும் உள்ளே விட்டுவிடுவாரா? திருட்டுக் குலையும் வரக்கூடும் அல்லவா? எனவே தோட்ட நிர்வாகம் மூன்று ஏற்பாடுகளைச் செய்து வைக்கிறது என்று கொள்ளுங்கள். “எங்கள் குலையை ஏற்றி வரும் லாரிகளின் எண்கள் இவை” என்று ஆலையில் ஒரு பட்டியல் கொடுத்து வைக்கிறது. இது ஒன்று. ஒவ்வொரு லாரியோடும் நிர்வாகத்தின் முத்திரை குத்திய சீட்டு போகிறது. வழியில் யாராவது சீட்டைத் திருத்தினால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். இது இரண்டு. “பட்டியலிலும் இல்லாமல், முத்திரையும் சரியில்லாமல் ஒரு லாரி எங்கள் பெயரைச் சொல்லி வந்தால், அதை ஒதுக்கி நிறுத்துங்கள், அல்லது திருப்பி அனுப்புங்கள், எங்களுக்கும் தெரிவியுங்கள்” என்று ஓர் உத்தரவும் கொடுத்து வைக்கிறது. இது மூன்று.

மின்னஞ்சலிலும் இதே மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. லாரிப் பட்டியலுக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். முத்திரைக்கு டி.கே.ஐ.எம். என்று பெயர். உத்தரவுக்கு டிமார்க் என்று பெயர். இவை மூன்றும் உங்கள் இணையப் பெயரின் பதிவேட்டில் எழுதி வைக்கப்படும் சில வரிகள்தாம். இவற்றை எழுதிக்கொடுக்கும்படி, இணையப் பெயரை உங்களுக்கு விற்றவரிடமோ அஞ்சல் சேவை தருபவரிடமோ கேட்டு வாங்கலாம்.

உடனே எல்லாரும் இணையப் பெயர் வாங்க ஓட வேண்டும் என்பதில்லை. நாளொன்றுக்கு நாலைந்து விலைக் குறிப்புகள் மட்டும் அனுப்புபவர், தம் ஜிமெயில் முகவரியிலிருந்து ஜிமெயில் வழியாகவே அனுப்பினால், இந்தச் சான்றுகளை அந்த நிறுவனமே சேர்த்துவிடுகிறது. தவறு நேர்வது வேறோர் இடத்தில். சிலர், நூற்றுக்கணக்கானவர்களுக்கு மொத்தமாக அஞ்சல் அனுப்பித் தரும் வேறொரு சேவையில் சேர்ந்து, அனுப்புநர் என்ற இடத்தில் தங்கள் ஜிமெயில் முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். பட்டியலில் இல்லாத லாரி, தோட்டத்தின் பெயரை எழுதிக்கொண்டு வருவது போன்றது இது. அஞ்சல் நேர்மையானதாக இருந்தாலும் தடுக்கப்படலாம். மொத்தமாக அனுப்பும் அளவுக்குத் தொழில் வளர்ந்தவர்கள், சொந்தமாக ஓர் இணையப் பெயர் வைத்துக்கொள்வதே முறை. நம் நாட்டில் ‘டாட் மை’ என்று முடியும் பெயர்களை மைனிக் என்னும் அமைப்பு நிர்வகிக்கிறது. அதன் முகவர்களிடம் ஆண்டுக் கட்டணம் கட்டிப் பெறலாம். புதிய பெயரில் முதல் நாளே நூற்றுக்கணக்கில் அனுப்பாதீர்கள். ஊருக்குப் புதிதாக வந்தவரைப் போல, சிறிது சிறிதாகப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்தச் சான்றுகள் முன்பு விருப்பமாக இருந்தன, பிறகு கட்டாயமாயின. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சலும் அதற்கு மேலும் அனுப்புவோர் மூன்று ஏற்பாடுகளையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகல் நிறுவனம் விதித்தது. சிறிய அளவில் அனுப்புவோருக்கும் பட்டியல் அல்லது முத்திரை, இரண்டில் ஒன்றாவது வேண்டும். யாகூவும் அதே சமயத்தில் இதுபோன்ற விதிகளைக் கொண்டுவந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனமும் 2025 மே மாதம் மொத்தமாக அனுப்புவோருக்கு இவ்வாறே விதித்தது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். பெறுபவர்கள் உங்கள் அஞ்சலை விரும்புகிறார்களா என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? பெறுபவர்களின் விரலே சொல்லிவிடுகிறது. திறந்து படித்தாலும், பதில் போட்டாலும் அது நற்சான்று. ‘இது ஸ்பாம்’ என்ற பொத்தானை அழுத்தினால் அது புகார். கூகல் விதித்துள்ள எல்லை 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரம் அஞ்சலுக்கு மூன்று புகார். அதற்கும் கீழே, ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக வைத்திருப்பது நல்லது என்றும் அது சொல்கிறது. நம் கணக்கில் பாருங்கள்: 200 பேருக்கு அனுப்பி, அவர்களில் ஒரே ஒருவர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினால், அதுவே 0.5 விழுக்காடு ஆகிவிடுகிறது. சிறு வியாபாரிக்கு ஒரு புகாரும் பெரிய புகார்தான்.

புகார் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனம், மின்னஞ்சல் உட்படப் பல வணிக மென்பொருள்களை உலகெங்கும் தருவது. 2018 செப்டம்பரில், அதன் இணையப் பெயரைப் பதிவு செய்து கொடுத்திருந்த அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. சோஹோவின் மின்னஞ்சலைப் பயன்படுத்தி யாரோ சிலர் மோசடி அஞ்சல் அனுப்புவதாகப் புகார் வந்ததே காரணம். வந்த புகார்கள் மூன்றுதான் என்று சோஹோ தரப்பில் சொல்லப்பட்டது. ஆனாலும் அந்தச் சேவையை நம்பியிருந்த வாடிக்கையாளர்கள் பல நாடுகளில் திண்டாடினார்கள். சோஹோ தன் சேவையை மீட்டுக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், நம் போன்றவர்கள் நற்பெயரை எவ்வளவு கவனமாகக் காக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

புகார் வராமல் இருக்க வழி என்ன? அழையாத வீட்டுக்குள் நுழையாதிருப்பதே முதல் வழி. உங்களிடம் வாங்கியவர், விவரம் கேட்டவர், “அனுப்புங்கள்” என்று சொன்னவர் ஆகியோருக்கு மட்டும் அனுப்புங்கள். “ஆயிரம் முகவரி இத்தனை வெள்ளி” என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அந்த முகவரிகளில் பல செத்துப்போனவை. மற்றவர்கள் உங்களை அறியாதவர்கள். திரும்பி வரும் முகவரிகளை உடனே பட்டியலிலிருந்து நீக்குங்கள். அடிக்கடியும் அனுப்பாதீர்கள், பழகப் பழகப் பாலும் புளிக்கும். “வேண்டாம் என்றால் தெரிவியுங்கள், நிறுத்திவிடுகிறோம்” என்ற வரியை ஒவ்வொரு விளம்பர அஞ்சலிலும் சேருங்கள். யாராவது வேண்டாம் என்றால் வருந்தாமல் விட்டுவிடுங்கள். வெளியேற வழி தெரியாதவர்தான் புகார்ப் பொத்தானை அழுத்துகிறார்.

இதில் சட்டமும் இருக்கிறது. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-ஆம் நாள் முதல் நடப்பில் இருக்கிறது. தம் விவரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி எழுத்து மூலம் கேட்கும் உரிமையை அது வாடிக்கையாளருக்குத் தருகிறது. பலருக்கு ஒரே அஞ்சலை அனுப்பும்போது, எல்லாருடைய முகவரிகளையும் எல்லாரும் பார்க்கும்படி வரிசையாகப் போடுவதும் முறையன்று. ‘பி.சி.சி.’ என்ற இடத்தில் போட்டால், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது.

மூன்றாவது கேள்வி தோற்றத்தைப் பற்றியது. மோசடிக்காரர்கள் எப்படி எழுதுகிறார்களோ, அப்படி நாம் எழுதக் கூடாது. “அவசரம்! இலவசம்! இன்றே கடைசி!” என்று கூச்சல் போடும் தலைப்பு வேண்டாம். “தீபாவளிப் பலகாரம், 200 பேருக்கான விலைக் குறிப்பு” என்று உள்ளதைச் சொல்லும் தலைப்பு போதும். ஒரே ஒரு பெரிய படத்தை மட்டும் வைத்து அனுப்பாமல், செய்தியை எழுத்தில் எழுதுங்கள். எங்கே கொண்டுபோகும் என்று தெரியாத சுருக்கு இணைப்புகளைத் தவிருங்கள். கடிதத்தின் அடியில் உங்கள் பெயர், தொழிலின் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றைப் போடுங்கள். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையும் பத்திரமாக வைத்து, இரண்டடுக்குப் பாதுகாப்பையும் போட்டு வையுங்கள். கணக்கு திருடன் கையில் சிக்கினால், அவன் அனுப்பும் குப்பையெல்லாம் உங்கள் பெயரில்தான் போகும்.

கடைசியாக, சோதித்துப் பார்க்கும் வழி. உங்கள் தொழில் முகவரியிலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு நீங்களே ஓர் அஞ்சல் அனுப்புங்கள். அதைக் கணினியில் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால், அசல் அஞ்சலைக் காட்டும் வசதி வரும். அதில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்று இருந்தால், உங்கள் லாரி ஆலை வாசலைத் தாண்டும் தகுதி பெற்றுவிட்டது.

அப்படியும் ஓர் அஞ்சல் குப்பைப் பெட்டிக்குப் போகலாம். ஆகவே விலைக் குறிப்பு அனுப்பிய அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, “ஐயா, அனுப்பியிருக்கிறோம். வரவுப் பெட்டியில் இல்லையென்றால் ஸ்பாம் பெட்டியில் பாருங்கள். அங்கே இருந்தால் ‘ஸ்பாம் அல்ல’ என்பதை அழுத்திவிடுங்கள்” என்று பணிவாகச் சொல்லுங்கள். அவர் அதை அழுத்தி, ஒரு வரி பதிலும் போட்டுவிட்டால், அடுத்த முறை உங்கள் அஞ்சலுக்கு வழி எளிதாகும். அவ்வாறே, உங்கள் ஸ்பாம் பெட்டியையும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்களைத் தேடி வந்த ஓர் ஆர்டர் அங்கே கிடக்கலாம்.

நேயர்களே, அஞ்சலைத் தரம் பிரிப்பது இயந்திரமாக இருக்கலாம். ஆனால் அது தேடுவது பழைய பண்புகளைத்தான்: சொந்தப் பெயரில் வருவது, கேட்டவருக்கே கொடுப்பது, வேண்டாம் என்றவரை வற்புறுத்தாதிருப்பது. கடனுக்குச் சாமான் கொடுத்த தோட்டத்துக் கடைக்காரர் மனிதரைப் பார்த்து நம்பியது இவற்றைக் கொண்டுதான். இவற்றைக் கடைப்பிடியுங்கள், உழைத்துச் செய்த பலகாரத்தின் விலைக் குறிப்பு, உரியவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.