பரணில் உறங்கும் குரல்கள்

ஒலிநாடா பரவிய 1980களில் வரவேற்பறையிலிருந்து பரணுக்கு ஏறிய இசைத்தட்டுகள் இன்று மீண்டும் கீழே இறங்குகின்றன. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் இசைத்தட்டுகள் விற்பனையாயின. குறுந்தகடுகள் 3 கோடியே 30 இலட்சம் மட்டுமே. 1987க்குப் பின் எண்ணிக்கையில் தட்டு முந்தியது அதுவே முதன்முறை. இந்தியாவிலும் பழைய திரையிசைத் தட்டுகள் மறுபதிப்புக் காண்கின்றன. மும்பைப் பகுதியில் தட்டு அழுத்தும் தொழிலும் மீண்டும் தொடங்கியிருக்கிறது.

பாட்டனார் விட்டுச்சென்ற தட்டுப் பெட்டி ஒன்று தங்கள் இல்லத்திலும் இருக்கக்கூடும். அதைப் பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போடுமுன், அதன் மதிப்பு எதில் இருக்கிறது என்பதை அறிந்துகொள்வது நலம்.

அரக்கும் வினைலும்

இசைத்தட்டில் முதன்மையாக இரு வகை உண்டு. முதலாவது, நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் அரக்குத் தட்டு. அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினுடன் கல்மாவும் கரியும் கலந்து அழுத்திச் செய்யப்பட்டது, கனமானது, கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும். உலகுக்குத் தேவையான அரக்கின் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும்.

இரண்டாவது, 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய வினைல் தட்டு. எல்.பி. என்று நாம் வழங்கும் இத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகள் சுழல்வது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கும் மேல் இசை கொள்வது. அடுத்த ஆண்டே 45 சுற்றுச் சிறுதட்டும் வந்தது.

இரண்டு வகையிலும் செயல்முறை ஒன்றே. விளிம்பிலிருந்து நடுப்பகுதி நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே பள்ளம் தட்டில் வெட்டப்பட்டிருக்கும். எல்.பி. தட்டின் ஒரு பக்கத்துப் பள்ளத்தை நீட்டினால் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் வரும். பாடியவரின் குரல் எழுப்பிய அதிர்வுகள் அப்பள்ளத்தில் நெளிவுகளாகப் பதிந்துள்ளன. முள் அவற்றைத் தடவிச் செல்லும்போது அதே அதிர்வு மீண்டும் பிறக்கிறது.

அலைபேசியில் எந்தப் பாடலும் நொடியில் கிடைக்கும் காலத்தில் இதை ஏன் நாடுகின்றனர்? சந்தா செலுத்திக் கேட்கும் பாடல், சந்தா முடிந்ததும் கைவிட்டுப் போகிறது. தட்டோ வாங்கியவரின் உடைமை. உறையைக் கையில் பிடித்துப் படிக்கலாம். ஒரு பக்கத்தை இடையில் தாவாமல் முழுவதும் கேட்கலாம். பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம்.

தட்டில் மட்டும் வாழ்வோர்

இந்தியாவில் வணிக ஒலிப்பதிவு 1902ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கியது. கௌஹர் ஜான் பாடியவை அந்த முதல் பதிவுகளில் அடங்கும். அதன்பின் சில ஆண்டுகளிலேயே தென்னாட்டுக் கலைஞர்களின் குரல்களும் தட்டேறின. 1917இல் மறைந்த கோயம்புத்தூர் தாயி ஏராளமான தட்டுகளில் பாடியவர். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் அவரது இசையில் தோய்ந்து ‘ராகமாலிகா’ என்னும் படைப்பை உருவாக்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926இல், அவருடைய பத்தாம் வயதில் பதிவானது.

மேடை நாடகத்தின் பெரும் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், முப்பது வயது நிரம்புமுன்னரே காலமானார். அவர் திரைப்படத்தில் நடித்ததில்லை. சென்னை அகில இந்திய வானொலி நிலையமோ 1938இல்தான் தொடங்கியது. ஆகவே அக்குரல் நம்மை வந்தடைந்திருப்பது தட்டுகளின் வழியாகவே. இத்தகைய கலைஞரின் அரிய தட்டு ஒன்று உடைந்தால், அதிலிருந்த பாடல் வேறெங்கும் இல்லாமலே போய்விடக்கூடும்.

மலைநாட்டின் பங்கு

பாலக்காடு முதல் இடுக்கி வரையிலான எல்லைப்புறம் இசைக்குப் பெயர்பெற்றது. அரக்குத் தட்டுகளில் கணீரென்று ஒலித்த செம்பை வைத்தியநாத பாகவதர் பாலக்காட்டுச் சீமையில் பிறந்தவர். ஆனைக்கரை, குமுளி முதலிய ஏலக்காய் மலையூர்களுக்குக் கீழே, கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராஜா. ‘அன்னக்கிளி’ (1976) தொடங்கி அவர் இசையமைத்த படங்களின் தட்டுகளே தமிழ்ச் சேகரிப்பாளர்கள் இன்று மிகுதியாகத் தேடுபவை.

இடுக்கியை அடுத்த கோட்டயம் மாவட்டத்தில், பிளாசனால் என்னும் சிற்றூரில், கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய சன்னி மாத்யூ 2015இல் ஒரு கிராமபோன் அருங்காட்சியகத்தைத் திறந்தார். ஓர் இலட்சம் அளவிலான தட்டுகள் அங்கே உள்ளன. தனியொருவரின் சேமிப்பு ஆராய்ச்சி மையமாக வளரக்கூடும் என்பதற்கு அது சான்று.

விலை எதனால் அமைகிறது?

பழமை மட்டும் விலையைத் தருவதில்லை. ஆயிரக்கணக்கில் விற்பனையான 1940களின் தட்டு மிகக் குறைந்த விலைக்கே போகலாம். குறைந்த எண்ணிக்கையில் வந்த 1980களின் திரைப்படத் தட்டு பன்மடங்கு விலை பெறலாம். தட்டின் நிலை, எஞ்சியுள்ள படிகள், தேடுவோர் எண்ணிக்கை ஆகிய மூன்றுமே விலையைத் தீர்மானிக்கின்றன. எல்.பி. தட்டுக்கு மூல உறை இருப்பதும் இன்றியமையாதது. வாங்கும்போது தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக் கீறலை அறியலாம். மறுபதிப்பா முதற்பதிப்பா என்பதை நடுச்சீட்டை அடுத்துப் பொறித்த எண் காட்டிக்கொடுக்கும்.

எனினும் இதனை முதலீடாகக் கருதுவது தகாது. தட்டுக்கு வட்டி இல்லை. அன்றாட விலைப்பட்டியல் இல்லை. பணம் தேவைப்படும் நாளில் வாங்குபவர் கிடைப்பார் என்ற உறுதியும் இல்லை. சேமிப்புக்கு உரியதைச் சேமிப்பில் வைத்து, மகிழ்ச்சிக்கென ஒதுக்கிய தொகையில் தட்டு வாங்குவதே முறை.

பாதுகாக்கும் வழிகள்

• தட்டுகளைப் புத்தகம்போல் நிமிர்த்தி வைக்கவும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வினைல் வளையும். அரக்குத் தட்டு விரியும்.

• வெயிலும் ஓட்டுக்கூரையின் வெப்பமும் படாத இடம் வேண்டும். மழை மிகுந்த மலையூர்களில் காகித உறை பூஞ்சை பிடிக்கும். ஆண்டுக்கொரு முறை உறையை மாற்றுதல் நன்று.

• சாராயம் கலந்த திரவத்தால் அரக்குத் தட்டைத் துடைக்கலாகாது; அரக்கு அதில் கரையும். மென்மையான துணியும் மிகச் சிறிதளவு தூய நீரும் போதும். நடுச்சீட்டு நனையக்கூடாது.

• 78 சுற்றுத் தட்டுக்குத் தடித்த முள்ளும் எல்.பி. தட்டுக்கு நுண்ணிய முள்ளும் வேண்டும். சாவி கொடுத்து இயக்கும் பழைய கிராமபோனில் வினைல் தட்டை வைத்தால் ஒரே முறையில் பள்ளம் சிதையும்.

• அரிய தட்டை அடிக்கடி ஒலிக்கச் செய்யாமல், ஒருமுறை கணினியில் பதிவு செய்துகொண்டு அப்பதிவைக் கேட்கலாம்.

தட்டுகளை வைத்துக்கொள்ள இயலாதோர், முதலில் நடுச்சீட்டுகளில் உள்ள பாடகர் பெயர், பாடல், எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளவும். அப்பட்டியலைச் சேகரிப்பாளர் ஒருவரிடமோ ஆவணக் காப்பகத்திடமோ காட்டியபின் முடிவு செய்யலாம். அரை நாள் உழைப்பு அது. அதனால் ஒரு நூற்றாண்டுக் குரல் காப்பாற்றப்படலாம்.